எதற்கென்று கேட்காமல் கொடுத்த நாற்பது நட்டு

நம் கடைக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று தம்பிகளுக்கும் ஒரு தங்கைக்கும்,

உங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கச் சொல்லி முதலாளி என்னிடம் கேட்டார். சரி என்றேன். மறுநாள் காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிட்டேன். அதற்கடுத்த நாளும் காய்ச்சல் விடவில்லை. மூன்றாம் நாள் அவரே போன் செய்தார்.

"வே, நாலு பேரு முன்னால நின்னு பேசணும்னு சொன்னா உமக்கு இந்த ஜென்மத்துல காய்ச்சல் விடாது. கிடக்கட்டும். எழுதியாவது குடும்."

எழுதிவிட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். இரண்டு இடத்தில் என்னையும் திருத்தப் பார்த்தாள். அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

போல்ட் எது, ஸ்க்ரூ எது, வாஷரில் எத்தனை வகை என்பதெல்லாம் படம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. இரண்டு வாரம் பார்த்தால் மனப்பாடம் ஆகிவிடும். இப்போது மரையை அளக்கும் கருவியும் ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் இருக்கிறது. அதனால் அதை விட்டுவிட்டு, ஒரே ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். முழங்கால் வலி வந்து, போன தை மாதம் கவுண்டரை விட்டு இறங்கும்வரை, அந்த ஒரு நாள்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பயந்துவிடாதீர்கள். கொஞ்சம் சிரிப்பும் வரும். கடையில் என்னோடு வேலை பார்க்கும் தபன் இன்றுவரை சிரித்துக்கொண்டிருக்கிறான்.

முதலில் நம் சந்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஹவுராவுக்கு எதிர்க்கரையில், ஸ்ட்ராண்ட் ரோட்டை ஒட்டிய இந்தச் சந்தில் நட்டு போல்ட் விற்கும் யாரும் வாடிக்கையாளரிடம் "எதற்கு?" என்று கேட்பதில்லை. கேட்டால் அவர் சந்தேகப்படுவார். பெரிய வேலை என்று தெரிந்தால் விலையை ஏற்றுவானோ என்று நினைப்பார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். அதனால் அவர் சாம்பிளை வைப்பார், நாம் அதற்கு ஜோடியை எடுத்து வைப்போம், அவர் போய்விடுவார்.

எனக்கு இந்த வழக்கம் சொர்க்கமாக இருந்தது. பெயர் கேட்க வேண்டாம், ஊர் கேட்க வேண்டாம், மழை வருமா என்று பேச வேண்டாம். முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். நான் கைகளைத்தான் பார்ப்பேன். யாருடைய விரலில் எந்த வடு என்று எனக்குத் தெரியும். அந்த விரல்காரர்கள் தெருவில் எதிரே வந்து சிரித்தால் யார் என்றே தெரியாது.

நாலைந்து வருடத்துக்கு முன்னால், ரத யாத்திரை அன்று காலை. விடுமுறைதான். ஆனால் நம் சந்து பாதி திறந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கோடவுனில் இருந்து ஒரு சாக்கு நட்டு வந்திருந்தது. மழை ஈரத்தில் அதன் சீட்டு கூழாகிப் போயிருந்தது. என்ன அளவு என்று தெரியவில்லை.

இங்கே ஒரு விளக்கம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை இங்கே ஒரு சுதோ என்பார்கள். நம் ஊர் ஆசாரிகள் ஒரு நூல் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். மூன்று நூல் போல்ட் ஏறக்குறைய ஒன்பதரை மில்லி இருக்கும். பத்து மில்லி போல்ட் அதைவிட அரை மில்லி பருமன். இரண்டின் நட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

நான் சாக்கில் இருந்து ஒரு நட்டை எடுத்தேன். மூன்று நூல் போல்ட் ஒன்றில் வைத்து விரலால் ஒரு தட்டு தட்டினேன். சர்ரென்று சுழன்று கடைசி மரைவரை போய் நின்றது. தபன் பார்த்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் ஸ்டைலாகவே தட்டினேன். மூன்று நூல்தான் என்று முடிவு செய்து, சாக்கை மூன்று நூல் டிராயரில் கொட்டினேன்.

தப்பு அங்கேதான். பத்து மில்லி போல்ட்டை மூன்று நூல் நட்டில் விட்டால் போகாது. முட்டி நிற்கும், உங்களைக் காப்பாற்றிவிடும். ஆனால் மூன்று நூல் போல்ட்டில் பத்து மில்லி நட்டு ஏறிவிடும். ஒரு சத்தம் போடாது, எங்கேயும் சிக்காது. கொஞ்சம் இறுகவும் செய்யும். பாரம் வந்தால்தான் மரையை உரித்துக்கொண்டு கழன்று வரும். அவ்வளவு சுலபமாக ஏறியதே, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புது நட்டு கொஞ்சமாவது முரண்டு பண்ணும்.

பதினோரு மணிக்கு ஒருவர் வந்தார். துருப்பிடித்த கேரேஜ் போல்ட் ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். காளான் மாதிரி வழவழப்பான தலையும், அதற்குக் கீழே சதுரக் கழுத்தும் உள்ள போல்ட். மூன்று நூல்.

"இதுல இருபத்து நாலு," என்றார். நான் எடுத்து வைத்தேன்.

"ஐ போல்ட், இதே பருமன், பதினாறு." தலையில் வளையம் வைத்த போல்ட். எடுத்து வைத்தேன்.

"எல்லாத்துக்கும் நட்டு. ஸ்பிலிட் பின் பதினாறு."

ஸ்பிலிட் பின் என்பது துளையில் குத்தி முனையை வளைத்துவிடும் இரட்டைக் கம்பி. நாற்பது நட்டும் அந்த டிராயரில் இருந்துதான் எண்ணிப் போட்டேன். "லாஞ்ச்ல போறேன், கவரை ரெண்டாப் போடுங்க," என்றார். போட்டேன். போய்விட்டார். அவர் சொன்னது பதினைந்து வார்த்தை இருக்கும். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இவரல்லவா வாடிக்கையாளர் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு லேத் பட்டறை மெக்கானிக் ஒருவர் ஒரு நட்டைக் கொண்டுவந்து கவுண்டரில் போட்டார். காலையில் நான்தான் கொடுத்திருந்தேன். உள்ளே மரை சுருள் சுருளாக உரிந்திருந்தது.

"தாதா, இது போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. எங்க நிக்கும்னு சொன்னா நானும் கூடப் போவேன்."

தாதா என்றால் இங்கே அண்ணன் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வந்த புதிதில் எல்லோரும் என்னை தாதா என்று கூப்பிட்டபோது, நான் என்ன ரவுடித்தனம் செய்தேன் என்று பயந்தேன். அது வேறு கதை.

நான் ஒரு பத்து மில்லி போல்ட்டை எடுத்து அந்த டிராயரில் இருந்த நட்டு ஒன்றில் விட்டேன். கச்சிதமாகப் போனது. இன்னொன்று. அதுவும் போனது. அந்தச் சாக்கு முழுவதும் பத்து மில்லி.

தபனை உங்களுக்குத் தெரியும். பேசுவதற்கே பிறந்தவன். என்னைவிட இரண்டு வயது இளையவன், என்னை 'அண்ணா' என்பான். வங்காளத்தில் நடந்த பேச்சையெல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அந்த டிராயர்ல இருந்து காலைல யாருக்கெல்லாம் கொடுத்தே அண்ணா?"

"இவரைத் தவிர நாலு பேருக்கு. மூணு பேரு தெரிஞ்சவங்க."

அந்த மூன்று பேருக்கும் அவனே போன் செய்து சொல்லிவிட்டான். நாலாவது ஆள்தான் நாற்பது நட்டு.

"ஆளு எப்படி இருந்தான்?"

"பாக்கல."

"மீசை இருந்துச்சா?"

"நான் கையத்தானே பாத்தேன். கையில மீசை எப்படி இருக்கும்?"

தபன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சரி, கையச் சொல்லு."

"நகத்துல நீலப் பெயிண்ட். காயாத பெயிண்ட். விரல் இடுக்குல மஞ்ச கிரீஸ்."

"கட்டிலா இருக்கும்."

"கட்டிலுக்கு எதுக்கு ஸ்பிலிட் பின்?"

இதைச் சொன்னதும் எனக்கே ஒரு பிடி கிடைத்தது. அவர் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வாங்கிய சாமான் தெரியும். நான் அதை ஒவ்வொன்றாகக் கவுண்டரில் பரப்பினேன்.

கேரேஜ் போல்ட்டை எங்கே போடுவார்கள்? மரப் பலகையை இரும்போடு சேர்க்கும் இடத்தில். சதுரக் கழுத்து மரத்தைக் கவ்விக்கொள்ளும். மேலே தலை வழவழப்பாக இருக்கும், யாருடைய துணியும் தோலும் மாட்டாது. அப்படியானால் பலகையில் ஆள் உட்காருகிறார்கள். ஐ போல்ட் வளையத்தில் எதையாவது கோப்பார்கள். கயிறு, இல்லாவிட்டால் சங்கிலி. ஸ்பிலிட் பின் அசையாத இடத்துக்குத் தேவையில்லை. ஊசலாடும் அச்சு நழுவி விழாமல் இருக்கத்தான் அதைக் குத்துவார்கள். எல்லாம் மூன்று நூல், ஆகவே சாமான் பழையது. புதிதாகச் செய்பவர்கள் மில்லியில் செய்வார்கள்.

"இருபத்து நாலு, பதினாறு, பதினாறு," என்றேன். "எட்டாம் வாய்ப்பாடு, தபன். எட்டு எதுவோ இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் மூணு போல்ட், ரெண்டு வளையம், ரெண்டு பின்."

"எட்டு பலகை," என்றான் தபன். "ஆள் உக்காந்ததும் சங்கிலி போடணும். ஆடணும். நீலப் பெயிண்ட் அடிக்கணும்." அவன் பான் மெல்வதை நிறுத்தினான். "அண்ணா, இன்னிக்கு ரத மேளா."

ராட்டினம். குழந்தைகள் ஏறும் எட்டுப் பெட்டி ராட்டினம். ஒவ்வொரு பெட்டியிலும் குழந்தைக்குக் கீழே இருக்கும் பலகையும், முன்னால் இருக்கும் சங்கிலியும் என் நட்டில் நிற்கின்றன. நான்கு மணிக்கு மேளாவில், அதாவது திருவிழாச் சந்தையில், கூட்டம் சேர ஆரம்பிக்கும். அப்போது மணி இரண்டரை.

முதலாளி தூத்துக்குடியில் இருந்தார். போனில் சொன்னேன். நான் முழுதாக மூன்று வாக்கியம் பேசியதே அவருக்கு நிலைமையைப் புரியவைத்தது.

"போம்வே. கடை கிடக்கட்டும். தபன் பாத்துக்கிடுவான். போயி ராட்டினத்தை நிறுத்தும்."

"தபனை அனுப்பட்டா முதலாளி? அவன் நல்லா பேசுவான்."

"அவன் நல்லா பேசுவான், நட்டைப் பாத்தா அவனுக்கு என்ன தெரியும்? நீரு போம்."

வேறு டப்பாவில் இருந்த பழைய சரக்கில் நாற்பது நட்டு பொறுக்கினேன். ஒவ்வொன்றிலும் பத்து மில்லி போல்ட்டை விட்டுப் பார்த்தேன். அது நுழைய மறுத்த நட்டை மட்டும் பையில் போட்டேன். அன்றிலிருந்து நான் எந்த நட்டையும் இரண்டு போல்ட்டில் பார்க்காமல் விட்டதில்லை. இது இதில் ஏறுகிறதா என்பது பாதிதான். அதில் ஏற மறுக்கிறதா என்பதுதான் மீதிப் பாதி.

அவர் போனது லாஞ்சில், அதாவது ஹவுரா கரைக்குப் போகும் மோட்டார் படகில்; நானும் அதையே பிடித்தேன், நல்ல கூட்டம். தூறல். நான் மூலையில் நின்று, சொல்ல வேண்டியதை வங்காளத்தில் ஒத்திகை பார்த்தேன். எனக்கு வங்காளம் வரும். பேசுவதுதான் வராது. "தாதா, ராட்டினத்தை நிறுத்துங்கள். நட்டு தவறு." உதடு அசைந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர் பையை எடுத்துக்கொண்டு எதிர் பக்கம் போய் உட்கார்ந்தார்.

ஹவுரா கரையில் லாஞ்ச் போய் நிற்கும் படித்துறையை ஒட்டி இரண்டு மேளா என்று தபன் போனில் யாரையோ விசாரித்துச் சொல்லியிருந்தான். முதல் மேளாவில் ராட்டினம் பெரியது. மோட்டார் வைத்தது, விளக்கு வைத்தது. பெட்டிகள் நீலம் இல்லை, ஆனால் அதன் கால்களில் கொஞ்சம் நீலம் இருந்தது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்துவிடுமே என்று கயிற்றுக்கு அடியில் நுழைந்து, உட்கார்ந்து, போல்ட்டின் தலையைத் தடவிப் பார்த்தேன்.

"ஏய், நட்டு திருடுறியா?"

காவல்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்.

"இல்ல. அளவு பாக்குறேன்."

"ஓஹோ. அளவு பாத்துட்டுத்தான் திருடுவியா?"

என் பையை வாங்கிக் குலுக்கினார். நாற்பது நட்டும் ஸ்பேனரும் கலகலவென்று சத்தம் போட்டன. சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். என் முகம் எரிந்தது. ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. போல்ட் தலையைக் கையால் காட்டினேன். அதில் எட்டு புள்ளி எட்டு என்று, மில்லி போல்ட்டின் பலத்தைச் சொல்லும் எண் பொறித்திருந்தது.

"இது மில்லி. பலமான போல்ட். உங்களோடது நல்ல ராட்டினம்," என்றேன்.

பதற்றத்தில் என் வாயில் இருந்து வந்தது அந்தப் பாராட்டு மட்டும்தான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காலரை விட்டார். "நல்ல ராட்டினம்னா ஒரு டிக்கெட் வாங்கு," என்றார். வாங்கிக்கொண்டு ஏறாமல் ஓடினேன். கூடியிருந்தவர்களில் ஒரு அம்மா, "பாவம், பயந்துட்டான்," என்றது காதில் விழுந்தது.

டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா பிடித்து இரண்டாவது மேளாவுக்குப் போனபோது நாலே கால். ஆற்றோரம் ஒரு சின்ன மைதானம். அப்பளம் பொரிக்கும் வாசனை, ஜிலேபி, வரிசையாகச் செடிக்கடை, கயிறு கட்டிய பொம்மைத் தேரை இழுத்துக்கொண்டு குழந்தைகள். அவர்களுக்கு நடுவில் அது நின்றது. இரண்டு ஆள் கையால் தள்ளும் ராட்டினம். எட்டுப் பெட்டி. காயாத நீலம்.

அதன் முன்னால் டிக்கெட் வரிசை இருந்தது. ஏழெட்டுப் பேர்.

இப்போது நான் செய்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் வரிசையில் நின்றேன்.

ஆமாம். வரிசையைத் தாண்டி முன்னால் போய்ப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. என் முறை வந்ததும் டிக்கெட் கொடுக்கும் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முன்னால் இருந்தவர் சில்லறைக்குத் தடுமாறினார். நான் காத்திருந்தேன். அதற்குள் மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமியைத் தூக்கிக் கீழ்ப் பெட்டியில் உட்காரவைத்தார்கள். முன்னால் சங்கிலியை மாட்டினார்கள். மாட்டிய கையின் நகத்தில் நீலப் பெயிண்ட் இருந்தது. என்னுடைய பதினைந்து வார்த்தைக்காரர். அவர் பெட்டியை ஒரு தள்ளு தள்ளினார். சிறுமி மெல்ல மேலே கிளம்பினாள்.

அவள் காலுக்குக் கீழே, பலகையின் அடியில், என் நட்டு மூன்றும் கண்ணுக்குத் தெரிந்தன. பளபளவென்று புதிதாக.

நான் வரிசையை விட்டு ஓடிப்போய் ராட்டினத்தின் ஆரக்காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன். ராட்டினம் என்னைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. பெட்டி என் தோள் உயரத்தில் ஆடியது. சிறுமி குனிந்து என்னைப் பார்த்தாள்.

"வரிசைல வரணும் மாமா," என்றாள்.

டிக்கெட் அம்மா எழுந்து வந்தார். அவர் ராட்டினக்காரரின் மனைவி. எல்லோரும் அவரை பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிட்டார்கள். "என்னய்யா, குடிச்சிருக்கியா? ரத நாள்லயா?"

ராட்டினக்காரர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அவருக்கும் என் முகம் தெரியவில்லை. பிறகு ஆரக்காலைப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்தார். "கடைக்காரர்," என்றார்.

"நட்டு தப்பு," என்றேன். "நான் கொடுத்ததுதான். என் தப்பு. பிள்ளையை இறக்குங்க."

கவனியுங்கள், தம்பிகளே. என் தப்பு என்பதை நான் முதலிலேயே சொன்னது நல்ல குணத்தால் இல்லை. எனக்கு நாலு வாக்கியத்துக்கு மேல் வராது, அதனால் முக்கியமானதை முன்னால் போட்டேன். ஆனால் அதனால்தான் அவர் பிள்ளையை இறக்கினார். மரை, மில்லி, ஈரச் சாக்கு என்று ஆரம்பித்திருந்தால், நான் முடிப்பதற்குள் ராட்டினம் நாலு சுற்று சுற்றியிருக்கும்.

இறக்கிய பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "நானே முறுக்கினேன். நல்லா இறுகிச்சு."

"முறுக்கிக் காட்டுறேன்," என்று ஸ்பேனரை எடுத்தேன். கூட்டம் நெருங்கி வந்தது. முதல் நட்டில் போட்டு அழுத்தினேன். நின்றது. அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். இறுக்கமாக நின்றது.

"பாத்தியா?" என்றார் பௌதி கூட்டத்தைப் பார்த்து.

இரண்டாவது நட்டு. அதுவும் நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். "மெட்ராஸ்காரர் ராட்டினத்துக்கு வைத்தியம் பாக்குறார்," என்றது ஒரு குரல். எனக்கு வியர்த்தது. ஒரு நிமிடம், நான்தான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேனா, இவர் வாங்கியது வேறு டிராயரிலா என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு லாஞ்ச் ஏறிவிடலாம் என்றும் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், கால்கூடக் கொஞ்சம் திரும்பிவிட்டது.

ஆனால் கடையில் பத்து மில்லி போல்ட் அந்த நட்டில் கச்சிதமாக நுழைந்ததை என் விரல் மறக்கவில்லை. இரண்டு நட்டு நின்றதால் மூன்றாவது நிற்கும் என்று சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? மூன்றாவதில் ஸ்பேனரைப் போட்டேன். இறுகியது. அரைச் சுற்று. கிர்ர் என்று ஒரு சத்தம். பிறகு ஸ்பேனர் வெண்ணெயில் போவது மாதிரி சுற்ற ஆரம்பித்தது. நட்டை விரலாலேயே இழுத்தேன், கையோடு வந்தது. உள்ளே மரை வெள்ளி ஜரிகை மாதிரி உரிந்து தொங்கியது. அதை ராட்டினக்காரரின் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பலகையின் அந்த மூலையைக் கீழிருந்து தள்ளினார். மூலை தூக்கிக்கொண்டது. சிறுமி உட்கார்ந்திருந்த இடம். சிறுமியின் அம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"எதுக்குன்னு நீங்க சொல்லலயா?" என்று பௌதி கணவரைக் கேட்டார்.

"அவர் கேக்கல," என்றார்.

"நீங்க ஏன் கேக்கல?" என்று என்னைக் கேட்டார்.

"அவர் சொல்லல," என்றேன்.

பௌதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கடவுளே, ஒண்ணு போதாதுன்னு இன்னொண்ணு. ரெண்டு ஊமையும் சேர்ந்து என் மேளாவைப் பாடைல ஏத்திருப்பீங்க." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ராட்டினம் ஒரு மணி நேரம் கழிச்சு. போய் அப்பளம் சாப்பிட்டுட்டு வாங்க. டிக்கெட் செல்லும்."

முதல் மேளாவின் பெரிய ராட்டினத்துக்கே போய்விடுவோம் என்று சிலர் போனார்கள். அவர்களைப் பௌதி பார்த்த பார்வை என்மேலும் பட்டது.

நானும் ராட்டினக்காரரும் வேலையை ஆரம்பித்தோம். அவர் கழற்றினார், நான் பூட்டினேன். ஒவ்வொரு புது நட்டையும் ஏற்றுவதற்கு முன்னால் பத்து மில்லி போல்ட்டில் காட்டி, அது நுழைய மறுப்பதை அவருக்குக் காட்டினேன். ஐந்தாவது நட்டுக்குப் பிறகு அவரே அந்தப் போல்ட்டை என் கையில் இருந்து வாங்கி, சோதித்துச் சோதித்துத் தந்தார். மூன்று பெட்டிவரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாவது பெட்டியில் நான் ஒன்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததைக் கேட்டும்விட்டேன்.

"இந்தப் பெட்டில எத்தன பேர ஏத்துவீங்க?"

"ரெண்டு பிள்ளைங்க. கூட்டம் இருந்தா மூணு."

"அப்ப இந்த வாஷர் பத்தாது. பெரிய வாஷர் போடணும். பலகைல அமுங்குது பாருங்க."

"சொல்லிருந்தா காலைலயே வாங்கியிருப்பேனே."

நாற்பது வருட வழக்கம் அந்த ஒரு வரியில் எனக்கு அற்பமாகத் தெரிந்தது. எதற்கு என்று கேட்டிருந்தால் அவர் ராட்டினத்துக்கு என்பார். பிள்ளைகள் ஏறுவார்களே என்று நான் நட்டை இன்னொரு தரம் பார்த்திருப்பேன். பெரிய வாஷர் கொடுத்திருப்பேன். அரை நிமிடப் பேச்சு. வரிசை கொஞ்சம் முணுமுணுத்திருக்கும், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன், ஆனால் கேட்டேன். சந்தில் சிலர் விலையேற்றுகிறான் என்று சந்தேகப்பட்டார்கள். பழகிவிட்டார்கள். நீங்களும் கேளுங்கள். போட்டோ அனுப்பி வாங்கும் வாடிக்கையாளரிடம் இன்னும் நன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் அவருடைய கையும் உங்களுக்குத் தெரியாது.

பௌதி அனுப்பிய ஆள் பக்கத்துக் கடைத்தெருவில் பெரிய வாஷர் வாங்கி வந்தான். நாற்பதாவது நட்டை இறுக்கியபோது ஐந்தே முக்கால். அப்பளம் தின்று முடித்த கூட்டம் திரும்பிவந்து நின்றது. முன்னைவிட அதிகம். நட்டுக் கதை மேளா முழுக்கப் பரவியிருந்தது. மஞ்சள் கவுன் சிறுமி முதல் ஆளாக நின்றாள். ஆனால் அவள் அம்மா கையை விடவில்லை. யாருமே டிக்கெட்டை நீட்டவில்லை. எல்லோரும் பெட்டிகளின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பௌதி அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் இப்படியே கலைந்துவிட்டால் இந்த வருட மேளா அவர்களுக்கு அத்துடன் முடிந்தது.

பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க."

"நானா?"

"நட்டு உங்களோடது. முதல்ல நீங்க சுத்துங்க. எல்லாரும் பாக்கட்டும்."

ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் நான் ஏறியதே கிடையாது. மேல் தட்டுச் சாமானெல்லாம் தபன்தான் எடுப்பான். இதை பௌதியிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ராட்டினக்காரர் என்னைப் பெட்டியில் உட்காரவைத்துச் சங்கிலியை மாட்டிவிட்டார். முழங்கால் தாடையில் இடித்தது. இருநூறு கண்கள் என்மேல். அவர் தள்ளினார்.

மூன்று சுற்று. முதல் சுற்றில் கண்ணை மூடியிருந்தேன். இரண்டாவதில் ஆறு தெரிந்தது, நான் வந்த லாஞ்ச் சின்னதாகத் தெரிந்தது. மூன்றாவதில் என் பெட்டி உச்சிக்குப் போனதும் நிறுத்திவிட்டார். கீழே இருந்த பெட்டிக்கு முன்னால் சிறுமியும் அவள் அம்மாவும் நின்றார்கள்.

ராட்டினக்காரர் கையை வாயருகே குவித்து மேலே பார்த்துக் கத்தினார். அன்றைக்கு அவர் சத்தமாகப் பேசியது அப்போதுதான்.

"தாதா, பலகை அசையுதா?"

மேளா முழுவதும் அண்ணாந்து பார்த்தது. நான் பலகையை இரண்டு கையாலும் அழுத்தினேன். காலால் மிதித்தேன். பெட்டி ஆடியது, பலகை ஆடவில்லை. சங்கிலியைப் பிடித்து இழுத்தேன். வளையம் அசையவில்லை. கீழே சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் கேட்காது.

"அசையல," என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கொஞ்சமும் அசையல. பிள்ளையை ஏத்துங்க."

என் இரண்டு முழங்காலும் உதறிக்கொண்டிருந்தன. அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா கையை விட்டார். ராட்டினக்காரர் சிறுமியைத் தூக்கி உட்காரவைத்து, சங்கிலியை மாட்டினார்.